மன்னி தானே கேட்ட கேள்வி

எங்கள் மன்னி மந்திரம் ஜபிக்கிறார் என்று ஒரு காலத்தில் வீட்டில் நம்பினோம். அவர் மறைந்து ஓராண்டு நிறையும் வேளையில் வெளிவரும் இந்நினைவு மலரை இந்த வாக்கியத்தோடு தொடங்குவது தகுமா என்று தயங்கி, எழுதியதை முதலில் அண்ணாவிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், "அதை எடுத்துடாதே, ராஜம். என்னையும் விட்டுடாதே" என்றார். ஆகவே, மன்னியின் கணவராகிய அவருடைய அனுமதியோடுதான் இதை உற்றார் உறவினர் முன்னே வைக்கிறேன்.

கிணற்றில் நீர் இறைக்கும்போது மன்னியின் உதடுகள் அசையும். அரிசி களையும்போதும், வாசலில் கோலமிடும்போதும் அசையும். காற்று கசிந்தாற்போல ஒரு சீறல் ஒலி மட்டும் கேட்கும். யாரேனும் அருகே சென்றால் நின்றுவிடும். அந்நாளில், பத்மநாப ஸ்வாமி கோயிலுக்கு அருகே எங்கள் ஸ்ரீவராகத்து வீடுகளில் செய்வினை பற்றிய பயத்துக்குக் குறைவில்லை. பிள்ளை தங்காத ஒரு மருமகள் யாருக்கும் கேட்காமல் எதையோ முணுமுணுக்கிறாள் என்றால், அதற்கு எங்களுக்குத் தெரிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான். அவர் முணுமுணுத்தது ஆங்கிலம் என்பது எங்கள் கற்பனைக்கு எட்டவில்லை.

மன்னி பிறந்தது நாகர்கோவிலை ஒட்டிய வடிவீஸ்வரத்தில். தகப்பனார் பள்ளிக்கூட உபாத்தியாயர். உறவினர் முகம் சுளித்ததைப் பொருட்படுத்தாமல் மகளைப் பெண்கள் பள்ளிக்கு அனுப்பினார். மன்னி மூன்றாம் பாரம் படித்துக்கொண்டிருந்தபோது அவர் காலமானார். படிப்பு அத்தோடு நின்றது. தாய்மாமன் பொறுப்பில் கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆங்கிலப் புத்தகத்தைத் தடையின்றி வாசிப்பார். ஆனால் அம்மொழியில் ஒரு வாக்கியம் வாய்திறந்து பேசியதில்லை. "கிளாஸ்ல எல்லாருமா சேர்ந்து ஒப்பிப்போம். என் குரல் எதுன்னு எனக்கே தெரியாது" என்று பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பார்.

முதல் பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மன்னிக்கு, கதவுக்கு வெளியே வெள்ளைக்கார டாக்டர் மதாம்மா அண்ணாவிடம் ஆங்கிலத்தில் பேசியது கேட்டது; பொருள் பிடிபடவில்லை. நெடுநேரம் பேசினார். இடையிடையே "எஸ் மேடம்" என்று அண்ணாவின் குரல். உள்ளே வந்த அண்ணா, "ரெஸ்ட் எடுத்துக்கணும்னு சொன்னா" என்று மட்டும் சொன்னார்.

"அவ்வளவு நாழி பேசினதுக்கு ரெண்டு வார்த்தைதானா?" என்று மன்னி கேட்டிருக்கிறார். அண்ணா ஜன்னலைச் சாத்தப் போய்விட்டார். மலையாளத்து நர்ஸிடம் கேட்டதற்கு, "பர்த்தாவினோடு சோதிக்கூ" என்று பதில் வந்தது. கணவரிடம் கேள் என்று நர்ஸ் சொல்கிறார். கணவரோ ஜன்னலைச் சாத்துகிறார். மன்னியின் மனத்தில் சந்தேகம் முளைவிட்டது அங்கேதான்.

வீட்டில் எங்கள் அம்மாவும் கேட்டார். "எடா, இனிமே உண்டா இல்லையான்னு சொன்னாளா?" அண்ணா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மௌனத்தை அம்மா 'இல்லை' என்று எடுத்துக்கொண்டார். அண்ணா அதைத் திருத்தவும் இல்லை.

சில மாதங்களில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை, கல்யாண வயதுப் பெண் ஒருத்தியை அழைத்துக்கொண்டு வந்தார். பத்மநாப ஸ்வாமி தரிசனத்துக்கு வந்ததாகச் சொன்னார்கள். தரிசனம் ஒரே காலையில் முடிந்தது. அவர்களோ ஒரு வாரம் தங்கினார்கள். மன்னிதான் இலை போட்டார், மன்னிதான் காப்பி கலந்தார். அந்தச் சித்தி ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்து, "இது யார் படுக்கற உள்?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு பாவம், காப்பி நன்னாயிருக்கு அக்கான்னு சொல்லித்து" என்று மன்னி என்னிடம் பின்னால் சொன்னார். "அதுமேல எனக்கென்ன கோபம்? என் உள்ளை அளந்துண்டிருந்தாளே, அந்தச் சித்தியைத்தான் பார்த்துண்டே இருந்தேன். அப்பத்தான் தோணித்து, என் உடம்பைப் பத்தி எனக்குத் தெரியாத வர்த்தமானம் ஏதோ இவாளுக்குத் தெரிஞ்சிருக்குன்னு."

அந்த மதாம்மாவிடம் தானே போய்க் கேட்டுவிடுவது என்று மன்னி தீர்மானித்தார். இடையில் அண்ணா வேண்டாம், நர்ஸும் வேண்டாம். கேட்க ஆங்கிலம் வேண்டும். அதை அண்ணாவிடம் கற்க முடியாது, ஏனெனில் அண்ணாவைத் தாண்டத்தானே அது வேண்டியிருந்தது.

கொல்லைப்புறச் சந்தில் லேஸ் விற்க வருபவர் எஸ்தர் அம்மாள். மன்னியின் வயதுதான் இருக்கும். நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அவர் தாயார் ஒரு பாதிரியார் பங்களாவில் ஆயாவாக இருந்ததால் வெள்ளைக்காரக் குழந்தைகளோடு விளையாடி வளர்ந்தவர். ஆங்கிலம் சரளமாகப் பேசுவார். எழுத்து மட்டும் தெரியாது. மன்னிக்கு எழுத்து தெரியும், பேச்சு வராது. பகலில் அம்மா கண்ணயரும் வேளையில் கொல்லைச் சுவரின் இருபுறமும் நின்று இருவரும் தமக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். மன்னி பழைய பாடப்புத்தகத்திலிருந்து கதை வாசிப்பார், எஸ்தர் பேசுவார்.

எஸ்தர் மதாம்மா வேஷம் போடுவாராம். கழுத்தில் லேஸ் நூலை ஸ்டெதஸ்கோப் போலத் தொங்கவிட்டுக்கொண்டு, தடித்த குரலில், என்ன வேண்டும், சீக்கிரம் சொல் என்று ஆங்கிலத்தில் அதட்டுவார். மன்னிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தமிழில் வாக்கியத்தைக் கட்டி, ஒவ்வொரு சொல்லாகப் பெயர்த்து எடுப்பதற்குள் மதாம்மாவுக்குப் பொறுமை போய்விடும்.

"இப்பிடி எண்ணி எண்ணிப் போட்டீயன்னா அந்த அம்மா அடுத்த ரோகியப் பாக்கப் போயிருவாவ" என்பார் எஸ்தர். "தப்பு வந்தா வரட்டும். நிறுத்தாதிய. கத்திரிக்காக்காரிகிட்ட பேசும்போ இலக்கணம் பாக்குதியளா?"

"கத்திரிக்காக்காரி என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டாளே."

"மதாம்மாவும் சிரிக்க மாட்டாவ. நீங்க சும்மா நின்னாத்தான் சிரிப்பாவ."

செய்கிற வேலையை எல்லாம் செய்துகொண்டே வாய்க்குள் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகும்படி எஸ்தர் அவரை ஏவினார். வாளி இறங்குகிறது, கயிறு நனைகிறது, நான் இழுக்கிறேன். நாங்கள் கேட்ட மந்திரம் அதுதான்.

அந்தச் சமயத்தில்தான் கொல்லத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த நான் தலைப்பிரசவத்துக்காகப் பிறந்தகம் வந்தேன். அதுவரை அம்மாவுக்கு அரைகுறையாக இருந்த பயம் முழுமை பெற்றது. நான் நடந்துபோகும் கூடத்தில் மன்னி நிற்கக் கூடாது. என் சாதத்தை அவர் பிசையக் கூடாது. ஒருநாள் கிணற்றடியில் அவர் உதடு அசைவதை நானே பார்த்து, வயிற்றைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டேன். அவர் என் கையைப் பார்த்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அம்மா, சோழி வைத்துக் குறி பார்க்கும் பிரசன்னத்துக்காக ஜோசியர் பணிக்கரை வரவழைத்தார். பணிக்கர் பலகையில் சோழிகளைப் பரப்பி, வாரி, பிரித்து, நெடுநேரம் விரல்விட்டுக் கணக்கிட்டார். அண்ணா தூணோரம் உட்கார்ந்திருந்தார். மன்னி அடுக்களை வாசலில் நின்றார்.

"ஒரு ஸ்த்ரீயுடெ வாக்கில் நின்னாணு தோஷம்" என்றார் பணிக்கர். வீட்டிலுள்ள ஒரு பெண்ணின் வாக்கிலிருந்து வரும் தோஷம் என்று பொருள். "ஒரு மண்டலம் மௌனம் வேணம்."

எல்லோரும் அடுக்களை வாசலைத் திரும்பிப் பார்த்தோம். மன்னி மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன முணுமுணுத்தாய் என்று கேட்பார்கள். ஆங்கிலம் என்றால் எதற்கு என்பார்கள். அதன்பின் ஆஸ்பத்திரி வாசலை அவர் மிதிக்கவே வழியிருக்காது. தலையசைத்து ஒப்புக்கொண்டார். மறுநாள் விடியலில் குளித்து வந்து மௌன விரதம் தொடங்கினார்.

என் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று அம்மா அவருக்குக் கொல்லை வேலைகளை ஒதுக்கினார். வடாம் காயவைப்பதும் நெல் கிளறுவதுமாக மன்னி பகல் முழுவதும் சுவரோரமே இருக்கும்படி ஆயிற்று. எஸ்தர் வருவார். மன்னி வாய் திறக்க மாட்டார். எஸ்தருக்கு முதலில் கோபம், பிறகு விஷயத்தை ஊகித்துக்கொண்டு, "செரி, நீங்க பேசண்டாம். நான் பேசுதேன், கேளுங்க" என்று தொடங்கினார். தம் கல்யாணக் கதை, பங்களாக் குழந்தைகளின் விஷமம், தம் மாமியாரின் வசவு என எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கொட்டினார். பதில் சொல்ல வேண்டிய கவலை இல்லாததால் மன்னி வெறுமனே கேட்டார். சில வாரங்களில், தமிழில் பெயர்க்காமலே எஸ்தரின் மாமியார் மீது தமக்குக் கோபம் வருவதைக் கண்டாராம். "பேச விடாம வெச்சாளோ இல்லையோ, அதனாலதான் காது தொறந்துது" என்று எப்போதும் சொல்வார்.

நான் களஞ்சிய உள்ளின் ஜன்னல் வழியாக அவர்களை ஒருமுறை பார்த்தேன். சுவருக்கு அப்பால் எஸ்தர் கையை ஆட்டிப் பேச, இப்பால் மன்னி வாய்மூடித் தலையசைக்கிறார். மதம் மாற்றுகிறார்கள் என்றே நினைத்தேன். அம்மாவிடம் சொன்னதற்கு, "அவ வாயைத் தொறந்தாளா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "அப்போ விரதம் பங்கமாகலை. லேஸ்காரி தனக்குத்தானே பிராந்து பிடிச்சவ மாதிரி பேசிண்டு போகட்டும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆனாலும் அன்று மாலை மன்னியின் நெற்றியில் குங்குமம் இருக்கிறதா என்று உற்றுப் பார்க்கத் தவறவில்லை.

மண்டலம் முடிந்த சில நாள்களில் என் கால்கள் வீங்கின. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. அண்ணாவுக்கு அவர் வேலை பார்த்த சர்க்கார் கச்சேரியில் விடுப்புக் கிடைக்கவில்லை. என்னைத் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டுமே என்று அம்மா வேண்டாவெறுப்பாக மன்னியையும் வண்டியில் ஏற்றினார்.

டாக்டர் மதாம்மா என் கால்களை அழுத்திப் பார்த்தார்; நர்ஸிடம் ஏதோ சொன்னார். உப்பைக் குறைக்கச் சொல்கிறார் என்று நர்ஸ் மலையாளத்தில் எங்களுக்குச் சொன்னார். நாங்கள் எழுந்தோம். மன்னி எழவில்லை. ஆங்கிலத்தில் பேசினார்.

அன்று எனக்கு அதன் பொருள் தெரியாது. பிறகு மன்னி சொல்லக் கேட்டதை இங்கே தருகிறேன். "டாக்டர், எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. கேட்கலாமா?" என்று தொடங்கினார். எந்தப் படுக்கையில், எந்தப் பருவத்தில் தம் குழந்தை இறந்தது என்று சொன்னார். நடுவில் ஓரிடத்தில் சொல் இடறியது. எஸ்தர் சொல்லிக்கொடுத்தபடியே, அவர் நிறுத்தாமல் பேசினார்.

மதாம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாவற்றையும் உங்கள் கணவரிடம் சொன்னேனே."

"அவரிடம் சொன்னீர்கள். எனக்கு வந்து சேரவில்லை."

அம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். "என்னடி பேசறா அவ? உன் குழந்தையைப் பத்தியா? ராஜம், என்ன சொல்றாடி?" எனக்கு என்ன தெரியும்? அத்தனை காலமும் மன்னியின் தலைக்குமேலே போன மொழி, அன்று எங்கள் இருவர் தலைக்கும் மேலே போய்க்கொண்டிருந்தது.

மதாம்மா நாற்காலியை இழுத்து மன்னிக்கு எதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசினார். குழந்தை இறந்தது காய்ச்சலால். உடம்பு தேற இரண்டு வருஷம் கணவனும் மனைவியும் விலகியிருக்க வேண்டும். அதற்குப்பின் தடை ஒன்றும் இல்லை. தம் உடம்பில் குறை உண்டா என்று மன்னி மறுபடியும் கேட்டார். இல்லவே இல்லை என்றார் மதாம்மா.

மன்னி திரும்பி அம்மாவைப் பார்த்தார். "நான் சொன்னா நீங்க நம்ப மாட்டேள்" என்று தமிழில் சொல்லிவிட்டு, நர்ஸை அழைத்து, டாக்டர் சொன்னதை அம்மாவிடம் அப்படியே சொல்லும்படி கேட்டுக்கொண்டார். நர்ஸ் மதாம்மாவை ஒருமுறை பார்த்தார், அவர் தலையசைத்ததும், "அம்மே, இவர்க்கு ஒரு குறைவும் இல்ல. இனியும் குட்டிகள் உண்டாகும்" என்று தொடங்கி, விலகியிருக்க வேண்டிய இரண்டு வருஷம் உட்பட, ஒன்றும் விடாமல் சொன்னார்.

வண்டியில் அம்மா பாதி வழிவரை மன்னியின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "அந்த நர்ஸை முன்னாடியே பார்த்துச் சொல்லி வெச்சியா?" என்றார்.

"இல்லேம்மா. வேணும்னா நாளைக்கு நீங்க வேற ஆளைக் கூட்டிண்டு வந்து கேளுங்கோ. நான் தெருவில நிக்கறேன்."

"இங்கிலீஷ் எப்படி வந்துது உனக்கு?"

"கிணத்தடியில."

மாலையில் அண்ணா வந்து கால் கழுவிக்கொண்டிருக்கும்போதே அம்மா கேட்டுவிட்டார். "எடா, மதாம்மா அன்னிக்கு உங்கிட்ட என்ன சொன்னா?" அண்ணா மன்னியின் முகத்தைப் பார்த்ததும் மறைப்பதற்கு ஒன்றும் மீதியில்லை என்பதைத் தெரிந்துகொண்டார். எல்லாவற்றையும் சொன்னார்.

"ஏண்டா சொல்லலை?"

"ரெண்டு வருஷம் விலகி இருக்கணும்னு உங்கிட்ட நான் எந்த வாயாலம்மா சொல்லுவேன்?"

"கல்லிடைக்குறிச்சியிலேர்ந்து பொண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினப்போவும் அந்த வாய் தொறக்கலையா?" அம்மா மூச்சு வாங்கினார். "இவ முணுமுணுத்தது மந்திரமில்லே, இங்கிலீஷாக்கும்னு உனக்குத் தெரியுமா?"

அண்ணா, "தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுண்டா தூணுல சாஞ்சுண்டு உக்காந்திருந்தே? நான் சோழி உருட்டிண்டிருந்தது உனக்கு வேடிக்கையா?"

மன்னி அடுக்களையிலிருந்து வந்து, அண்ணாவைப் பார்த்து ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அம்மா உடனே, "என்னடா சொல்றா? உள்ளபடி சொல்லு" என்றார். அண்ணா எடுத்துச் சொன்னார். "இனிமே தன்னைப் பத்தின எதையும் முதல்ல தங்கிட்டதான் சொல்லணும்னு சொல்றா."

கல்லிடைக்குறிச்சிக்கு அம்மாவே ஆளனுப்பி அந்தக் கல்யாணப் பேச்சை முடித்துவிட்டார். சந்தேகம் மட்டும் ஒரே நாளில் வீட்டைவிட்டுப் போய்விடவில்லை. என் மகன் நல்லபடியாகப் பிறந்தான். ஆயினும் அவனுடைய இடுப்பில் ரட்சை கட்டிய பிறகுதான் மன்னியின் கையில் கொடுத்தார் அம்மா. மன்னியும் லேசில் யாரையும் நம்பிவிடவில்லை. அண்ணா ஏதேனும் சொன்னால், "அவ்வளவுதானா? விட்டுப்போனது ஏதாவது உண்டா?" என்று கேட்பது ஆயுள் முழுவதும் அவருக்குப் பழக்கமாகிவிட்டது. அண்ணா அதற்கு ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை.

மதாம்மா குறித்த காலம் கழிந்து மன்னிக்கு மீனா பிறந்தாள். அதன்பின் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக, ஆஸ்பத்திரிக்குத் துணை வரும்படி மன்னியை அழைக்கலானார்கள். அவருடைய ஆங்கிலம் அதற்குள் நன்கு ஓடத் தொடங்கியிருந்தது. வெள்ளைக்காரர் உச்சரிப்பை அவர் நடித்ததில்லை. வடிவீஸ்வரத்துக் குரலிலேயே தயங்காமல் பேசுவார். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டிரஸ் அம்மாளுடன் மீனாவின் பாடத்தைப் பற்றி அவர் வாதாடியதை நானே கேட்டிருக்கிறேன். அந்த அம்மாள்தான் கடைசியில் சொல் தேடினார். "தப்பு வருமோன்னு பயந்துண்டு நின்னா, நமக்குப் பதிலா வேற யாராவது பேசிடுவா, கேட்டியா" என்பார் மன்னி என்னிடம்.

துணைக்குப் போனால் டாக்டர் சொன்னதைக் குறைக்கவும் மாட்டார், இனிப்புப் பூசவும் மாட்டார். இது சிலருக்குப் பிடிக்கவில்லை. தாமாக ஏதோ கூட்டிச் சொல்கிறார் என்று புறம் பேசியவர்களும் உண்டு. அதனால் தாம் சொல்லி முடித்த பிறகு, நர்ஸையும் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்கும்படி செய்வார். தம்மை நம்பச் சொல்லி அவர் யாரையும் கேட்டதில்லை. எஸ்தர் அம்மாள் சந்துச் சுவரைத் தாண்டி அடுக்களைப் படிவரை வரத் தொடங்கியதும் அக்காலத்தில்தான். அம்மா அவரோடு பேசுவார். பேசிக்கொண்டே மன்னியின் குங்குமத்தையும் பார்த்துக்கொள்வார்.

சென்ற ஆண்டு மன்னிக்கு வயிற்றில் நோய் கண்டது. இரண்டு இளம் டாக்டர்கள் வந்தார்கள், இருவரும் நம்மவர்களே. மடிசார் கட்டிய குடும்பப் பெண்மணிக்கு என்ன புரியப்போகிறது என்று அவர் தலைமாட்டிலேயே நின்று ஆங்கிலத்தில் கலந்து பேசினார்கள். பிறகு அண்ணாவை வெளியே அழைத்தார்கள். மன்னி கண்ணைத் திறந்து ஆங்கிலத்தில் சொன்னார்: "வெளியே போக வேண்டாம். பாதியைக் கேட்டுவிட்டேன். மீதியையும் இங்கேயே சொல்லிவிடுங்கள்." அவர்கள் திகைத்து அண்ணாவைப் பார்த்தார்கள். "அவகிட்டயே சொல்லுங்கோ" என்றார் அண்ணா. அவர்கள் சொன்னார்கள். மன்னி வேண்டிய கேள்விகளைக் கேட்டார். மூன்று வாரங்களுக்குப் பின், ஒரு காலை வேளையில், மீனாவின் மடியில் தலைவைத்தபடி அமைதியாகப் பிரிந்தார்.

அந்த வாரங்களில் முறைவைத்துக் கஞ்சி காய்ச்சி அனுப்பிய தெருவாசிகளுக்கும், வேளை பாராது வந்த நர்ஸுகளுக்கும், மன்னியின் கேள்விகளுக்கு ஒளிக்காமல் விடை சொன்ன டாக்டர்களுக்கும், வடிவீஸ்வரத்திலிருந்து வந்து காரியங்களில் உடன் நின்ற அவர் பிறந்தகத்தாருக்கும், வாசலில் நின்று அழுதுவிட்டுப் போன, மன்னி துணைக்குப் போயிருந்த அத்தனை பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அண்ணா ஸ்ரீவராகத்து வீட்டில் இருக்கிறார். மீனா அவரோடு இருந்து கல்லூரிக்குப் போய்வருகிறாள். கொல்லத்தில் நானும் என் மகனும் இருக்கிறோம். எஸ்தர் அம்மாள் இருக்கிறார். எப்போதாவது வந்து மீனாவோடு ஆங்கிலத்தில் பேசிவிட்டுப் போகிறார். அம்மா இருக்கிறார். எண்பதை நெருங்கிவிட்ட அவரைப் பார்க்க டாக்டர் வந்து போகிறார். டாக்டர் என்ன சொன்னார் என்று நாங்கள் யார் எடுத்துச் சொன்னாலும் அம்மா நம்புவதில்லை. "அவ்வளவுதானா? விட்டுப்போனது ஏதாவது உண்டா?" என்று மன்னியைப் போலவே கேட்கிறார்.